முகூர்த்த நாளில் ஐந்து நாற்காலி

சீட்டுப் போடுகிற வேலையில் ஒரு விசேஷம் உண்டு: ஜெயித்தவர் கெட்டிக்காரர், தோற்றவருக்கு என் கை சரியில்லை. ரேஷன் கடையில் எடை போடுகிறவர்களே, சில்லறை இல்லாத கண்டக்டர்களே, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை நீட்டுகிற சிஸ்டர்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வந்ததை எடுத்துக் கொடுப்பதுதான் நம் வேலை. வாங்கிக் கட்டிக்கொள்வதும் நாம்தான்.

எட்டு வருடம் கோவாவில் ஒரு சூதாட்டக் கப்பலில் போக்கர் மேசை டீலராக இருந்தேன். மகளுடைய பிளஸ் டூ படிப்புக்காகச் சொந்த ஊரான சிங்காநல்லூருக்குத் திரும்பி, கோவையில் ஒரு கிளப்பில் சேர்ந்தேன். இங்கே காசு கிடையாது. ஆளுக்கு ஒரு பை பிளாஸ்டிக் காயின், ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி முதல் ஆறு வரை ஆட்டம். மாதக் கடைசியில் யாரிடம் புள்ளி அதிகமோ அவர் பெயர் ஹாலில் இருக்கும் தேக்குப் பலகையில் ஏறும். காசில்லாத ஆட்டம்தானே என்று லேசாக நினைத்துவிடாதீர்கள். வசதி உள்ளவர்களுக்குக் காசு போனால் அவ்வளவாக வலிக்காது, பலகையில் பெயர் ஏறாவிட்டால் சோறு இறங்காது.

கறாரான வரவேற்பு

கிளப் செயலாளர் ஜெகந்நாதன் சாருக்குச் சொந்தமாக நூல் மில். வீட்டில் தெலுங்கு பேசுவார், மில்லில் தமிழ் பேசுவார், கோபம் வந்தால் இரண்டும் பேசமாட்டார். வேலை கேட்டுப் போன அன்று ஒரு சீட்டுக்கட்டை என் பக்கம் தள்ளினார். கலைத்துக் காட்டினேன். வாட்சையும் வளையலையும் கழற்றச் சொன்னார், கழற்றினேன். முழங்கைக்குக் கீழே துணியே இருக்கக் கூடாது என்றார். கப்பலிலும் அதே சட்டம்தான், சரி என்றேன்.

பிறகுதான் காரணம் சொன்னார். எனக்கு முன்னால் இருந்த டீலர் மேல் ஒரு சந்தேகம் வந்து, கிளப்பே இரண்டாகி, சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த இரண்டு குடும்பங்கள் பேச்சையே நிறுத்திவிட்டனவாம். அந்த டீலர் இப்போது எங்கே என்று கேட்டேன். பெருந்துறைப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில் இருக்கிறாராம். 'கை சரியில்லை' என்று ஒரு இடத்தில் அனுப்பிவிட்டால் இந்தத் தொழிலில் வேறு எந்த மேசையிலும் உட்கார முடியாது, கோவாவுக்கும் திரும்ப முடியாது. சார் எழுந்து கதவு வரை வந்து வழியனுப்பினார். "கை சுத்தமா இருந்தா எத்தனை வருசம் வேணும்னாலும் இருங்கம்மா. புகார்னு ஒண்ணு வந்துட்டா, ஏன்னு நான் கேக்க மாட்டேனுங்க."

காய் முத்தும் வரை

நான் சேர்ந்தது ஆடி மாதம். ஒன்பது நாற்காலியும் நிரம்பி வழிந்தன. ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. சீட்டைப் பார்க்கும் முன்பே இரண்டு பேர் கட்டாயமாகக் கொஞ்சம் காயின் வைக்க வேண்டும். அந்தக் கட்டாயம் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு நாற்காலி தள்ளிப் போகும். ஒன்பது பேர் இருந்தால் ஒன்பது ஆட்டத்தில் இரண்டு தடவைதான் உங்களைத் தொடும். மிச்ச ஏழு ஆட்டத்துக்கு மோசமான சீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கலாம், ஒரு காயின் குறையாது.

சும்மா உட்கார்வதில் பொள்ளாச்சி பழனிசாமி அண்ணனை அடிக்க ஆள் கிடையாது. கொப்பரை வியாபாரி, அறுபதை நெருங்குகிறவர், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. இஞ்சி டீயைக் குடித்துக்கொண்டு போனில் தேங்காய் விலை பார்ப்பார். ஒரு மணி நேரத்தில் நாலு ஆட்டம் ஆடினால் அதிகம். ஆனால் ஆடிய நாலும் ஜெயிக்கிற சீட்டாக இருக்கும். ஆடி மாதப் பலகையில் அவர் பெயர்தான் ஏறியது. எப்படி அண்ணா இவ்வளவு பொறுமை என்று கேட்டேன். "காய் முத்தற வரைக்கும் மரத்துல ஏறக் கூடாதுங்க அம்மணி."

மரியாதையான அடி

கப்பலில் ஒருத்தன் மொத்தக் காயினையும் நடுவில் தள்ளினால், எதிராளியை முறைத்துக்கொண்டே தள்ளுவான். இங்கே அப்படியில்லை. அடுத்தவரை அம்போ என்று வீட்டுக்கு அனுப்பப் போகிறோம் என்று தெரிந்தால், முதலில் அவருக்கு முறுக்குத் தட்டை நகர்த்தி வைப்பார்கள். அப்பா உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார்கள். கோட்டைமேட்டில் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கும் காஜா பாய்தான் முதலில் எனக்கு இந்த விஷயத்தைப் புரியவைத்தார். மேசையில் யாராவது திடீரென்று ரொம்ப அன்பாகப் பேசினால், அவரிடம் இரண்டு ராஜா இருக்கிறது என்று அர்த்தமாம். சொல்லி வாய் மூடவில்லை, பழனிசாமி அண்ணன் பாய் பக்கம் திரும்பி, காயின் அத்தனையும் முன்னால் தள்ளிக் கைகூப்பினார். "தப்பா நெனச்சுக்காதீங்க பாய், எல்லாத்தையும் வெச்சுப்போட்டேனுங்க."

நாற்காலிக்குச் சீட்டு

ஆவணி பிறந்தது. ஆடி முழுக்க அடக்கி வைத்திருந்த கல்யாணமெல்லாம் ஒரேயடியாக அவிழ்த்து விட்ட மாதிரி வந்தன. இந்த ஊரில் கல்யாணத்துக்குப் போகாமல் இருப்பது சாமி குற்றத்துக்குச் சமம். ஒரே ஞாயிற்றுக்கிழமை மூன்று மண்டபம் ஏறி இறங்குகிறவர்கள் உண்டு. கிளப்புக்கு வந்தது ஐந்து பேர். அவர்களும் நெற்றியில் சந்தனத்தோடு வந்து, தாம்பூலப் பையை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

காலி நாற்காலி நாலையும் ஓரமாக நகர்த்தப் போனேன். பழனிசாமி அண்ணன் பதறிவிட்டார். அவர்கள் மண்டபத்தில் மொய் வைத்துவிட்டு எந்த நேரமும் வருவார்கள், வந்து பார்த்தால் நாற்காலி இல்லையென்றால் மனசு சங்கடப்படுமாம். அதோடு நிற்கவில்லை, அந்த நாற்காலிகளுக்கும் சேர்த்துச் சீட்டுப் போடச் சொன்னார். அப்போதுதான் மேசை முழு மேசையாக இருக்கும், ஆட்டமும் ஆடி மாதம் போலவே போகும் என்பது அவர் கணக்கு. நானும் பணிவாகச் சொல்லிப் பார்த்தேன்: அண்ணா, நாற்காலி கட்டாயக் காயின் வைக்காது, உங்களோடு மோதவும் மோதாது, அதற்குச் சீட்டுப் போட்டாலும் ஒன்றுதான் போடாவிட்டாலும் ஒன்றுதான். அவர் கேட்கவில்லை. அரை மணி நேரம் நாலு நாற்காலிக்குச் சீட்டுப் போட்டுப் போட்டுத் திரும்ப எடுத்தேன். கடைசியில் காஜா பாய்தான் பொறுக்க முடியாமல் காலி நாற்காலியைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார். "ஏனுங்க, ஆடுறீங்களா, தூக்கிப் போடுறீங்களா? சீக்கிரம் சொல்லுங்க, எனக்கு அசர் தொழுகைக்கு நேரமாச்சு."

வெள்ளம் வந்த மாதம்

ஐந்து பேர் ஆட்டம் வேறு ஆட்டம். கட்டாயக் காயின் ஐந்து ஆட்டத்துக்கு இரண்டு தடவை வந்து கதவைத் தட்டும். காய் முத்தட்டும் என்று மரத்தடியில் காத்திருந்தால் ஏணிக்கு வாடகை ஏறிக்கொண்டே போகும். அதனால் சுமாரான சீட்டுக்கும் ஆடித்தான் ஆக வேண்டும். எதிரே நாலே பேர் இருப்பதால் சுமாரான சீட்டுக்கே ஜெயிக்கிற யோகமும் உண்டு. ஆனால் எதிராளியும் அதே மாதிரி சுமாரோடுதான் வருவார். இரண்டு சுமார்கள் மோதினால் யார் விழுவார்கள் என்று யாருக்குத் தெரியும்? காயின் மலை போல் சேரும், மலை போல் சரியும். நன்றாக ஆடுகிறவருக்கும் இதேதான் கதி.

பல் டாக்டர் கவிதாவுக்கு இது அல்வா சாப்பிடுகிற மாதிரி. ஆள் குறைந்தால் அடித்து ஆடுவார். தோற்றால் சிரித்துக்கொண்டே அடுத்த பை காயின் எடுப்பார். பழனிசாமி அண்ணன் பாவம். முதல் ஞாயிறு காத்திருந்தே கரைந்தார். அடுத்த ஞாயிறு ரோஷம் வந்து ஆடி, அந்த வருடத்திலேயே பெரிய குவியலாக அள்ளினார். அன்றைக்கு என் கை ராசியான கை என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல மாட்டார்கள், நமக்குத் தெரிந்ததுதானே. அதற்கடுத்த இரண்டு ஞாயிறும் அள்ளியதை எல்லாம் விட்டு, இன்னும் இரண்டு பை விட்டார். எழுந்து போகும்போது என் கையையே பார்த்தார். "வெள்ளம் ஆடியிலதானே வரோணும், இதென்னங்க அம்மணி ஆவணியில வருது?"

என் நட்சத்திரம்

மனுஷன் சும்மா இருக்கவில்லை. நாற்காலியைக் கிழக்குப் பார்த்துப் போட்டார். புதுச் சீட்டுக்கட்டு வாங்கி வந்தார். சட்டைப் பையில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். எதுவும் எடுபடவில்லை. குடும்ப ஜோசியர் வெள்ளகோவிலில் இருக்கிறார், அவரிடம் போய்விட்டு வந்து ரொம்பத் தயங்கித் தயங்கி என் நட்சத்திரத்தைக் கேட்டார். நானும் யோசிக்காமல் கேட்டை என்று சொல்லித் தொலைத்தேன்.

அவர் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கேட்டையில் பிறந்த பெண் ஒரு வீட்டுக்குள் வந்தால் அந்த வீட்டின் மூத்த மகனுக்கு ஆகாது என்று ஒரு பேச்சு உண்டு. இந்தப் பேச்சால் எனக்கே மூன்று வரன் தட்டிப்போனது. அவர் வீட்டிலும் அதே பிரச்சினை ஓடிக்கொண்டிருந்ததாம். சின்ன மகனுக்குச் சத்தியமங்கலத்தில் ஒரு பெண், படித்த பெண், இரண்டு பேருக்கும் பிடித்துப்போன இடம். பெண் கேட்டை என்பதால் பெரிய மகனுக்கு ஆகாது என்று ஆறு மாதமாகப் பதில் சொல்லாமல் இழுத்து வைத்திருக்கிறார். அந்தப் பெண்ணை நினைத்து எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் வேலை செய்கிற இடம், வாயை மூடிக்கொண்டேன். அவர் எழுந்து நின்று, குரலைத் தாழ்த்தி, மன்னிப்புக் கேட்கிற தோரணையில் சொன்னார். "கோவிச்சுக்காதீங்க அம்மணி, நான் எங்க ஊட்டுக்கு மூத்தவனுங்க."

விருந்துக்குப் போன காயின்

புரட்டாசி வந்ததும் மறுபடி ஒன்பது நாற்காலியும் நிரம்பின. கல்யாணம் இல்லை, கேன்டீனில் கோழியும் இல்லை, எல்லோரும் காலிஃபிளவர் வறுவலைத் தின்றுகொண்டு சாதுவாக ஆடினார்கள். பழனிசாமி அண்ணன் பழையபடி தேங்காய் விலை பார்த்தார், பழையபடி பலகையில் ஏறினார். என் நட்சத்திரத்தை மறந்துவிட்டார் என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

ஐப்பசியில் ஒரு முகூர்த்த ஞாயிறு, மழையும் சேர்ந்துகொண்டது. வந்தது இரண்டே பேர், டாக்டரும் காஜா பாயும். இரண்டு பேர் ஆட்டத்தில் கட்டாயக் காயினிலிருந்து தப்பிக்கவே முடியாது, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இருவரும் வைக்க வேண்டும். கையில் ஒரு ராணி இருந்தாலே பெரிய சீட்டு. ஒரு மணி நேரத்துக்குள் பாயின் காயின் மொத்தமும் டாக்டர் பக்கம் போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது. கப்பலில் இப்படி நடந்தால் நாற்காலி பறக்கும். பாய் டீ ஊற்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். "என் காயின் உங்க ஊட்டு விருந்துக்கு ஒறம்பரை போற மாதிரியே போகுது டாக்டரம்மா, சாப்புட்டு முடிச்சதும் அனுப்பி வெச்சுருங்க."

கடிதம்

அதே ஐப்பசியில் மிச்ச ஞாயிறுகளில் ஐந்து பேர், நாலு பேர். பழனிசாமி அண்ணனுக்கு மறுபடி வெள்ளம். தீபாவளி முடிந்த வாரம் செயலாளர் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். நல்ல கையெழுத்து, பிள்ளையார் சுழி போட்டு பழனிசாமி அண்ணன் எழுதியிருந்தார். என் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும் என்று ஒரு வரி. என் பழக்கவழக்கம் தங்கம் என்று ஒரு வரி. அதற்குக் கீழே, இந்த அம்மணி சீட்டுப் போட்டால் சில மாதம் தனக்கு மட்டும் விழவே மாட்டேன் என்கிறது, கமிட்டி கவனிக்க வேண்டும் என்று இருந்தது.

எனக்குக் கோபம் வந்ததா, வந்தது. அதைவிட அவமானமாக இருந்தது. எட்டு வருடம் கப்பலில் குடித்துவிட்டுக் கத்துகிறவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து ஒரு சொல் வாங்காத கை, இங்கே முறுக்கும் முந்திரியும் தந்து மரியாதையாகப் பேசியவரிடம் வாங்கிவிட்டது. பாத்ரூமுக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். பெட்ரோல் பங்க் டீலர்தான் ஞாபகத்துக்கு வந்தார். முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்ப வந்து, நீங்கள் ஏன் என்று கேட்க வேண்டாம் சார், நானே சொல்கிறேன், ஒரு மணி நேரம் கொடுங்கள், அவரையும் வைத்துக்கொண்டு சொல்கிறேன் என்றேன். ஜெகந்நாதன் சார் சீட்டுக்கட்டை எடுத்து டிராயரில் வைத்துப் பூட்டினார். "ஞாயித்துக்கெழமை காலையில பத்து மணிக்கு வாங்கம்மா. அது வரைக்கும் நீங்க சீட்டைத் தொட வேண்டாமுங்க."

கேன்டீன் காலண்டர்

கமிட்டி ரூமுக்கு நான் இரண்டு சாமான் கொண்டுபோனேன். ஒன்று, யார் யார் வந்தார்கள், யார் எவ்வளவு காயினோடு எழுந்தார்கள் என்று ஒவ்வொரு ஞாயிறும் நான் எழுதும் நோட்டு. இன்னொன்று கேன்டீன் சுவரிலிருந்த மாதக் காலண்டர். கேன்டீன்காரர் கல்யாணச் சமையலும் எடுப்பவர், முகூர்த்த நாளையெல்லாம் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருப்பார். சனிக்கிழமை அதைப் பார்த்துத்தான் நாளைக்கு எத்தனை நாற்காலி நிரம்பும் என்று நான் கணக்குப் போடுவேன்.

பழனிசாமி அண்ணனிடம், நீங்கள் ரொம்பத் தோற்ற நாட்களை நோட்டைப் பார்த்து நீங்களே காலண்டரில் புள்ளி வையுங்கள் என்றேன். வைத்தார். எல்லாம் சிவப்பு வட்டத்துக்குள் விழுந்தன. அவர் ஜோசியர் ஜெயித்த மாதிரி செயலாளரைப் பார்த்தார். இருங்கள் அண்ணா, இப்போது நீங்கள் ரொம்ப ஜெயித்த நாட்களையும் வையுங்கள் என்றேன். நோட்டைப் புரட்டினார், நிறுத்தினார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி புரட்டினார். அதுவும் சிவப்பு வட்டம்தான். ஆவணியில் அள்ளிய அந்தப் பெரிய குவியலை அவர் சுத்தமாக மறந்துபோயிருந்தார். நான் திருடியிருந்தால் அன்றைக்கு எதற்கு உங்களுக்கு அள்ளிக் கொடுத்தேன் என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, உயரட்டும்.

அவர் மெதுவாக, அப்போ ஏனுங்க இப்படித் தூக்கிப் போடுது என்று கேட்டார். காலி டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து போயிருக்கிறீர்களா என்று கேட்டேன். கூட்டமாக இருக்கிற பஸ் வேகத்தடையில் லேசாக ஆடும், அவ்வளவுதான். காலி பஸ் அதே ரோட்டில், அதே தடையில், ஆளைக் கூரைக்குத் தூக்கிப் போடும். மேசையும் அப்படித்தான். ஒன்பது பேர் இருந்தால் காத்திருக்கலாம், ஆட்டம் அலுங்காது. ஐந்து பேர் ஆனால் காத்திருக்க முடியாது, ஏறினாலும் இறங்கினாலும் தூக்கித்தான் போடும். ரோடு அதே ரோடு, டிரைவர் அதே டிரைவர். கமிட்டியில் மற்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள். ஜெகந்நாதன் சார் மட்டும் ஆட்டவில்லை, டிராயர் சாவியை எடுத்தார். "அப்போ இன்னைக்கு மத்தியானம் டிரைவரை மாத்திப் பாத்துருவோமுங்க."

செயலாளர் போட்ட சீட்டு

அன்றும் காலண்டரில் சிவப்பு வட்டம். ஐந்து பேர் வந்தார்கள். என் நாற்காலியில் ஜெகந்நாதன் சார் உட்கார்ந்தார். நான் ஜன்னல் பக்கம் நின்றேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். யார் ஏறுவார், யார் இறங்குவார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் ஆறு மணிக்குள் யாராவது ஒருவர் பை காலியாகி நிற்பார் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். சொல்லிவிட்டேனே தவிர எனக்கே நிச்சயம் இல்லை. ஏனென்றால் ஒரு மதியம் என்பது ஒரு மதியம்தான். காலி பஸ்ஸும் சில நாள் அலுங்காமல் போய்ச் சேர்ந்துவிடும். அன்றைக்குப் பார்த்து அப்படிப் போயிருந்தால் என் பேச்சு அத்தனையும் பொய்யாகியிருக்கும்.

சாருக்குச் சீட்டுக் கலைக்கத் தெரியவில்லை. இரண்டு தடவை கீழே சிந்தினார். முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பழனிசாமி அண்ணனுக்கு இரண்டு ராஜா வந்தது. பாயின் அப்பா உடம்பை விசாரித்துவிட்டு எல்லாவற்றையும் தள்ளினார். பாயும் சரிக்குச் சரி வைத்தார், அவரிடம் இருந்தது வெறும் எட்டும் ஒன்பதும். பொதுச் சீட்டில் ஒரு எட்டும் ஒரு ஒன்பதும் விழுந்து பாய்க்கு இரண்டு ஜோடி ஆனது, ஒரே ஜோடி வைத்திருந்த அண்ணன் பை காலி. அடுத்த பை எடுத்தார், அரை மணி நேரத்தில் மூன்று மடங்காக்கினார். அதை டாக்டர் இரண்டே ஆட்டத்தில் வழித்துக்கொண்டு போனார். அண்ணன் தன் காலிப் பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார், நான் பத்தடி தள்ளி ஜன்னலில் நிற்கிறேன். பிறகு செயலாளரின் கைகளையே வெறித்துப் பார்த்தார். பழக்க தோஷம், வாய் தானாகக் கேட்டுவிட்டது. "ஏனுங்க சார், உங்க நட்சத்திரம் என்னங்க?"

பத்திரிகை

முதலில் டாக்டர்தான் சிரித்தார். அப்புறம் பாய், அப்புறம் பழனிசாமி அண்ணனே தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். ஜெகந்நாதன் சார் சிரிக்கவில்லை. எழுந்து நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டார், கடிதத்தை அண்ணன் கையில் திருப்பிக் கொடுத்தார். நான் உட்கார்ந்து கட்டை எடுத்தபோது முதல் தடவையாக ஒரு சீட்டு என் கையிலிருந்தும் சிந்தியது. எடுத்து மறுபடி கலைத்தேன்.

மார்கழியில் ஒன்பது நாற்காலியும் நிரம்பியிருந்த ஒரு ஞாயிறு, அண்ணன் சம்சாரத்தோடு கிளப்புக்கு வந்தார். ஆட்டத்துக்கு இல்லை. தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை. மேசையில் இருந்தவர்களுக்கெல்லாம் அப்புறம்தான் கொடுத்தார், முதலில் என்னிடம் வந்தார். சின்ன மகனுக்குத் தை மாதம் கல்யாணம், பெண் சத்தியமங்கலம். நான் பத்திரிகையைப் பிரித்து அந்தப் பெண்ணின் பெயரைப் படித்தேன். ரொம்ப நேரம் படித்தேன் போலிருக்கிறது, எழுத்து மங்கிவிட்டது. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். பழனிசாமி அண்ணன் தொண்டையைச் செருமினார். "பொண்ணு உங்க நட்சத்திரந்தானுங்க அம்மணி. நாற்காலிய எண்ணாம நட்சத்திரத்தைப் போயி எண்ணிப்போட்டேன், நீங்கதான் முன்னாடி நின்னு நடத்திக் குடுக்கோணும்."

கிளப்பே திரண்டு அந்தக் கல்யாணத்துக்குப் போனதால் அன்றைக்கு மேசையில் ஒரு நாற்காலிகூட நிரம்பவில்லை. பந்தியில் பழனிசாமி அண்ணன் கையால் இரண்டாம் தடவை பாயசம் வாங்கிக் குடித்தபோது எனக்குத் தோன்றியதெல்லாம், கொங்கு நாட்டில் சீட்டுப் போட வருகிற எந்த டீலரும் முதல் நாளே கையைக் காட்டுகிறாளோ இல்லையோ, நட்சத்திரத்தை மட்டும் காட்டக் கூடாது என்பதுதான்.